சந்தைவெளியில் சம்பந்திக்கு ஒரு காபி

காலை ஆறரை மணிக்கு ஆற்காடு பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரி சரசுவும். டிக்கெட் ஆளுக்கு நாலேகால் ரூபாய். ஆரணி, போளூர் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். எழுபதுகளின் கடைசியில் ரோடு இருந்த நிலைமைக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பஸ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரசுவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. எனக்கு மடி நிறைய ஒரு சாக்குமூட்டை கிடைத்தது.

மூட்டைக்குள் பம்ப் ஸ்டவ், பித்தளை ஃபில்டர், இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் கால் கிலோ காபித் தூள், சர்க்கரை, தம்ளர்கள், பால் காய்ச்ச ஒரு குண்டான், தலைக்குமேல் கட்ட ஒரு தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் அடியில், துணி சுற்றிய டின்னில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய். சாமி பார்க்கப் போகிறவனுக்கு இத்தனை காபிச் சாமான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் மல்லிகாவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ரோட்டில் போக வேண்டும். சம்பந்தி ஏழுமலை நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவர், மாடு கன்று உள்ள வீடு. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த காபியில் என்னவோ தப்பாகிவிட்டது. தாலி ஏறின கையோடு அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பந்திக்கு உட்காராமல் கிளம்பிவிட்டார். "இனிமே இவங்க வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று சத்திரத்து வாசலில் நின்று சொன்னார். காபி ஆறிப்போயிருந்தது என்றார்கள் சிலர். புகை நாற்றம் அடித்தது என்றார்கள் சிலர். சமையல்காரரைக் கேட்டால், எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்றார். ஒன்றரை வருஷமாக அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை, மல்லிகாவையும் அனுப்பவில்லை.

இப்போது மல்லிகாவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது ஒற்றைப்படை மாசத்தில்தான். ஏழு தப்பினால் ஒன்பது. நடுவில் மார்கழியில் யாரும் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஒன்பதாம் மாச வயிற்றோடு இந்தப் பஸ்ஸில் அவளை ஏற்ற முடியுமா? என் அக்கா அப்படித்தான் புருஷன் வீட்டிலேயே தங்கிப்போய், வலி எடுத்த பிறகு மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது, தையல் மிஷினுக்கு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை குமார் போன மாசம் என் கடைக்கு வந்து வழி சொன்னார். "மாமா, எங்க அப்பா வருஷா வருஷம் தீபத்துச் சந்தையில மாடு கட்டுவாரு. தீபத்தன்னிக்கு விரதம். மலைமேல தீபத்தக் கண்ணால பாத்துட்டுதான் பச்சத்தண்ணி குடிப்பாரு. அதுக்கப்பறம் மொதல்ல கேக்கறது காபி. அந்த நேரத்துல யார் குடுத்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. பக்கத்துலயே கூடாரம் போட்டுக்குங்க. நீங்க குடுங்க." படி இறங்கும்போது திரும்பி, "நல்ல காபியா இருக்கணும் மாமா" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஆரணி தாண்டுவதற்குள்ளேயே முதல் சிக்கல் வந்தது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்கள் வரிசையில் நின்றார்.

"யாருங்க மண்ணெண்ணெய் வெச்சிருக்கறது?"

நான் வெளியே பார்த்தேன். பஸ்ஸில் பீடி பிடிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். டின் கசிந்து என் வேட்டி நனைந்திருப்பது அப்போதுதான் தொடையில் ஜில்லென்று தெரிந்தது.

"இவருதாங்க" என்றாள் சரசு.

"எறங்கி ஊத்திட்டு வாய்யா. அம்பது உசிரு இருக்குது உள்ள."

சாலையோரப் புளியமரத்தடியில் இரண்டு லிட்டரையும் கவிழ்த்தேன். திரும்பி ஏறும்போது ஒருவர், "ஒரு பீடி பத்த வெச்சிருந்தா எல்லாரும் நேரா அண்ணாமலையார்கிட்டயே போயிருக்கலாம்" என்றார். பஸ் சிரித்தது. நான் ஸ்டவ்வுக்கு இனி எங்கே மண்ணெண்ணெய் வாங்குவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு இறங்கினோம். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய்க்கு மூன்று கடை ஏறினேன். ரேஷன் கார்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். ஆக, அத்தனை தூரம் சுமந்து கொண்டுவந்த ஸ்டவ் வெறும் பாரம். இரண்டு ரூபாய்க்கு ஒரு கட்டு சவுக்கு விறகு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே மாட்டுச் சந்தை கூடுகிற வெளிக்கு நடந்தோம்.

அந்த வெளியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டின மட்டும் மாடு. வண்டிகளின் நுகத்தடியைத் தூக்கி நிறுத்தி, அதன்மேல் சாக்கோ கம்பளியோ போர்த்தினால் அது ஒரு குடும்பம் தங்குகிற வீடு. ஒருபக்கம் கயிறும் சலங்கையும் விற்கிற கடைகள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டு தரகர்கள் நின்றார்கள். சாணமும் வைக்கோலும் மழை ஈரமும் கலந்த வாடை. குமார் எங்களுக்காக வண்டியளவு இடம் பிடித்து வைத்திருந்தார். பத்தடி தள்ளி அவர் அப்பா, ஒரு ஜோடி எருதுக்கும் கன்று போட்ட ஒரு செவலைப் பசுவுக்கும் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்று ஒரு வார்த்தை வரவில்லை. போனால் போகிறது, எழுந்து போகவும் இல்லை.

அன்று சாயங்காலம் போட்ட காபியைப் பற்றி நான் எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன், வெளியில் தங்கி அடுப்பு மூட்டப்போகிறவர்களுக்கு உதவும். மூன்று கல்லை வைத்து விறகைச் செருகினேன். விறகு உள்ளே ஈரம். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் நான்கு பக்கமும் ஊதினேன். புகைதான் வந்தது. பாலைத் திறந்த வாயோடு அந்தப் புகையில் வைத்தேன், அது தப்பு. பால் மாதிரி நாற்றத்தை இழுக்கிற பொருள் கிடையாது. ஃபில்டரைப் புல் தரையில் வைத்தேன், அதுவும் தப்பு. ஒரு பக்கம் சாய்ந்து நின்று, தண்ணீர் தூளின் ஓரமாகவே வழிந்து, மேல் தூள் பாதி காய்ந்தபடியே கிடந்தது. கீழே இறங்கினது டிகாக்‌ஷன் இல்லை, சாயம் போன தண்ணீர்.

சரசு ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துல குடுத்ததே தேவல."

பத்தடிக்கு அப்பாலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. எங்களிடம் இல்லை, பசுவிடம். "பயப்படாத லட்சுமி. புகை போடறாங்க. கொசு வராது, நல்லதுதான்."

அந்த இரவு மழை தூறியது. தார்ப்பாயின் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குழி தோண்டினேன். முழங்கை ஆழம், குண்டானின் வாயைவிடக் கொஞ்சம் குறுகல். காற்று வருகிற பக்கமாக ஒரு சரிவு வெட்டி, அதன் வழியே விறகைத் தள்ளினேன். குழிக்குள் இருக்கிற நெருப்பைக் காற்று அணைக்காது, ஊதித்தான் விடும். ஈர விறகை நேரே வைக்காமல், பக்கத்து வண்டிக்காரரிடம் வாங்கின வறட்டியை முதலில் பிடிக்க வைத்து, விறகை அதன் ஓரத்தில் காய வைத்து உள்ளே விட்டேன். புகை அடங்கித் தணல் ஆன பிறகுதான் பால் குண்டானை ஏற்றினேன், அதுவும் தட்டு மூடி.

தண்ணீரையும் மாற்றினேன். சந்தைக்கு வருகிற தண்ணீர் வாயில் உப்புக் கரித்தது. அந்தத் தண்ணீரில் எந்தத் தூளைப் போட்டாலும் காபி கலங்கிச் சுவை கெட்டுப்போகும். அரை மைல் நடந்து ஒரு தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். ஃபில்டருக்கு அடியில் ஒரு செங்கல் வைத்து, செங்கல்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். தையற்காரனுக்குக் கோணல் பார்க்கிற கண் உண்டு. குளிரில் பித்தளை சில்லென்று இருக்கும், அப்படியே வெந்நீர் ஊற்றினால் சூடு அதிலேயே போய்விடும். முதலில் வெறும் வெந்நீரால் ஃபில்டரைக் கழுவிச் சூடாக்கி, பிறகு தூள் போட்டு அழுத்தாமல் தட்டி, கொதி நின்ற தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சமாக விட்டு, மேலே கம்பளித் துணி போர்த்தினேன்.

துணியில் வடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்துக்கு என்று கடையிலிருந்து ஒரு துண்டு மல் துணி கொண்டுபோயிருந்தேன். புதுத் துணியை இரண்டு தடவையாவது கொதிக்க வைத்துப் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி வாசனை காபியில் ஏறும்.

குமார் திருட்டுத்தனமாக வந்து ஒரு தம்ளர் குடித்தார். குடித்து முடிக்கிற வரையில் நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குது மாமா."

"சும்மா சொல்லாதீங்க. கசப்பு ஜாஸ்தியா?"

"இல்ல மாமா."

"சர்க்கரை கம்மியா இருந்தாலும் சொல்லுங்க."

"அவர வுடுங்க தம்பி, நீங்க போங்க" என்றாள் சரசு. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போகும்போது ஏழுமலை, எருதின் கொம்பைத் தடவியபடியே, "ஊர்க் காபி குடிச்சாச்சா? இனி வேலை செய்யலாமா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. சைக்கிளில் கேன் கட்டி வருகிறவனிடம் ஏழுமலை டீ வாங்கிக் குடித்தார், எங்கள் அடுப்பைப் பார்த்தபடியே.

எனக்கு இருந்த பெரிய பயம் பால். தீபத்தன்று ஊரில் இருக்கிற பால் பாதி கோயிலுக்குப் போய்விடும், மீதியில் தண்ணீர்தான் பாதி. ஏழுமலையின் பசுவில் பால் கேட்கலாமா என்று குமாரைக் கேட்டேன். அவர் பதறினார். "தீபத்துக்கு மறுநாள் காலைல வேலூர்லருந்து ஒரு ஆளு அதப் பாக்க வராரு மாமா. தீபத்தன்னிக்குச் சாயங்காலம் கறக்காம வுட்டாத்தான் காலைல மடி தெறிச்சிக்கினு நிக்கும். மடியப் பாத்துதான் வெல."

தீபத்தன்று விடிந்தபோது மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை. முழுக்க மேகம். சரசு கோயிலுக்குப் போய்வந்தாள், நான் போகவில்லை. அவள் வரிசையில் நின்ற கதையைச் சொன்னது என் காதில் ஏறவில்லை. மதியம் ஒரு பால்காரரைப் பிடித்து, லிட்டர் நாலு ரூபாய்க்கு, கிடைத்த கால் லிட்டரை வாங்கினேன். விரலில் தொட்டு நகத்தின்மேல் வைத்துப் பார்த்தேன், வழியாமல் நின்றது. காய்ச்சி, ஆற வைத்து, ஈரத்துணி சுற்றி வைத்தேன். மூன்று மணிக்கு ஃபில்டரில் தண்ணீர் விட்டேன். ஐந்து மணிக்கு இரண்டாம் டிகாக்‌ஷனும் இறங்கியாயிற்று. முதல் டிகாக்‌ஷனோடு இரண்டாவதைக் கலக்கக் கூடாது, தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்கு வெளி முழுக்க எழுந்து நின்றது. மாட்டுக்காரர்கள், வண்டிக்காரர்கள், கயிறு விற்கிறவர்கள், எல்லா முகமும் மேற்கே. ஏழுமலை காலையிலிருந்து பல்லில் தண்ணீர் படாமல் இருந்தவர், குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். அறுபது வயசு ஆளுக்கு உதடு வெளுத்திருந்தது.

ஆறு மணிக்கு ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டது. "அரோகரா" என்று ஒரு சத்தம் ஊரிலிருந்து கிளம்பி, வெளியைத் தாண்டிப் போனது. நான் அந்தச் சத்தத்திலேயே பாலில் டிகாக்‌ஷனை விட்டு, சர்க்கரை போட்டு, ஆற்றி, நுரையோடு தம்ளரை எடுத்து நீட்டத் தயாராகிவிட்டேன்.

"குடுத்துடாதீங்க" என்றாள் சரசு. "அவரு இன்னும் நின்னுக்கினுதான் இருக்காரு."

மலை உச்சியில் மேகம் அசையவில்லை. தீபம் ஏற்றியாயிற்று, மேகம் மூடியிருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"அப்பா, ஏத்திட்டாங்கப்பா. வெடி கேட்டுச்சில்ல?"

"கேட்டது காது" என்றார் ஏழுமலை. "கண்ணு இன்னும் பாக்கலையே."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, சோற்றுப் பானையைத் திறந்துவிட்டார்கள். அவர் அப்படியே நின்றார். என் கையில் இருந்த காபி ஆறிப்போனது. மேலே ஏடு படிந்து சுருங்கினது. கல்யாணத்தன்று அவருக்குக் கிடைத்தது இப்படித்தானே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றி, அதைப் பார்க்கவே பிடிக்காமல் சரசுவிடம் கொடுத்தேன். இன்னும் ஒரு தம்ளருக்குத்தான் பால் இருந்தது. இதற்குள் அதை இரண்டு தடவை சூடு பண்ணியாயிற்று. மறுபடி மறுபடி காய்ச்சின பாலில் காபி போட்டால் ஒரு வறண்ட வாடை வரும். தணலில் வைத்தால் சுண்டுகிறது, எடுத்தால் ஆறுகிறது. வைத்து எடுத்து, வைத்து எடுத்து, என் விரல் நுனியெல்லாம் சிவந்துபோனது. சரசு ஆறின தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஏழு மணி இருக்கும். மேகம் ஒரு ஓரத்தில் கிழிந்தது. உச்சியில் ஒரு பொட்டு, மங்கிச் சிவந்து, பிறகு நன்றாக மஞ்சளாக. வெளி முழுக்க மறுபடி கத்தியது. ஏழுமலை கத்தவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குமார் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நான் கலக்கினேன். டிகாக்‌ஷன் விட்டேன். பால் விட்டேன். ஆற்றினேன். சர்க்கரை போட்டேனா? முதல் தம்ளருக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. இதற்குப் போட்டேனா? சர்க்கரை டப்பா மூடி திறந்திருக்கிறது, அது எப்போது திறந்தது? மறுபடி போட்டால் பாயசம் ஆகிவிடும். போடாமல் விட்டிருந்தால்? உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்திருக்கலாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தம்ளரைத் தூக்கி உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினேன்.

நிமிர்ந்தால் எதிரில் ஏழுமலை நிற்கிறார்.

அடுப்பு வெளிச்சம் அவர் முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. ஆனாலும் அவர் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்க விரதம் இருந்து, சாமி பார்த்துவிட்டு, தானாக என் கூடாரத்துக்கு நடந்து வந்த மனுஷனுக்கு நான் எச்சில் பண்ணின தம்ளரை வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீட்டவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. கன்று எங்கேயோ கத்தியது.

"குமாரு" என்றார் அவர். "பால் இருக்குதான்னு கேளு."

"தீந்துடுச்சிண்ணா" என்றாள் சரசு நேராக அவரைப் பார்த்து. "அவ்ளோதான் இருந்தது."

அவர் திரும்பிப் போனார். என் கண்ணில் மல்லிகாவும் தெரியவில்லை, யாரும் தெரியவில்லை. என் அக்காவை ஏற்றிப் போன மாட்டுவண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஏழாம் மாசம் முடிய ஐந்தாறு நாள்தான் இருந்தது, இனி யாரை வைத்துப் பேசுவது, எதைச் சொல்லிக் கேட்பது?

"அங்க பாருங்க" என்றாள் சரசு.

நான் பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். செம்பில் பால் விழுகிற சத்தம். முதலில் கணீர் கணீர் என்று, பிறகு நிரம்ப நிரம்ப அடங்கின மாதிரி.

குமார் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "லட்சுமியக் கறக்கறாரு மாமா" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல். "காலைல வேலூர்க்காரர் வராரே."

ஏழுமலை நுரை தளும்பத் தளும்பச் செம்பைக் கொண்டுவந்து என் அடுப்போரம் வைத்தார். "காய்ச்சுங்க" என்றார். ஒன்றரை வருஷத்தில் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

கறந்த பால் ஒரே கொதியில் பொங்கி வந்தது. பொங்கின உடனே இறக்கினேன். முதல் டிகாக்‌ஷனில் இரண்டு தம்ளருக்கு மீதி இருந்தது. இந்தத் தடவை சரசுவே சர்க்கரை போட்டாள், வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் போட்டாள். சாக்கை உதறி விரித்து, "உக்காருங்கண்ணா" என்றாள். அவர் உட்கார்ந்தார். தம்ளரை வாங்கினார். ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"காபி எப்படி இருக்குது சம்பந்தி?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கும் இதையேதான் கேட்டீங்க. மூணு வாட்டி."

"அன்னிக்கு ஆறிப்போச்சுன்னு சொன்னாங்க..."

"யாரு சொன்னது? சூடாத்தான் இருந்தது. நாக்கு வெந்துபோச்சு எனக்கு." தம்ளரின் விளிம்பைத் துண்டால் துடைத்தார். "நின்னுக்கினே குடிச்சேன். எங்க அண்ணன் நின்னாரு. என் மச்சான் எழுவது வயசு ஆளு, அவரும் நின்னாரு. பாய் மடிச்சு ஓரமா வெச்சிருந்தது. விரிச்சு உக்காருங்கன்னு ஒரு வார்த்த யாருக்கும் வரல. நீங்க ஓடியாருவீங்க, காபி எப்படி இருக்குன்னு கேப்பீங்க, பதில் சொல்றதுக்குள்ள ஓடிப்புடுவீங்க. கிராமத்தான் நின்னா கால் வலிக்காதுன்னு நெனச்சாங்களோன்னு எங்க அண்ணன் கேட்டாரு. அதுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

எனக்கு ஞாபகப்படுத்திப் பார்த்தால் காபி அண்டாதான் ஞாபகம் வந்தது. அவர் அண்ணன் முகம்கூட வரவில்லை. பால் போதுமா, தூள் போதுமா, சர்க்கரை போதுமா என்று அண்டாவுக்கும் சமையல்காரருக்கும் நடுவில் ஓடினது மட்டும் வந்தது.

"இப்பவும் நின்னுக்கினுதான் கீறீங்க" என்றார் ஏழுமலை. "உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் கையில் அந்த எச்சில் தம்ளர் இன்னும் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் குடித்தேன். சர்க்கரையே போடவில்லை.

சரசுதான் கேட்டாள். "அண்ணா, மல்லிகாவுக்கு ஏழாம் மாசம்..."

"தெரியும்." அவர் மலையைப் பார்த்தார். மேகம் மறுபடி மூட ஆரம்பித்திருந்தது. "நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அவ அம்மா கையால சாப்புடணும்னு அழுவுதுன்னு என் வீட்டுக்காரி சொல்லிக்கினே கீறா. நானும் எத்தினி நாளைக்குச் செவுடன் மாதிரி இருக்கறது?"

காலையில் வேலூர்க்காரர் வந்தார். லட்சுமியின் மடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, கேட்ட விலையில் நூறு ரூபாய் குறைத்தார். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விற்காமல், பசுவையும் மற்ற மாடுகளையும் அவிழ்த்துக் குமார் கையில் கொடுத்து, நடத்திக்கொண்டே ஊருக்கு வரச் சொல்லிவிட்டார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க, மாடு மிரளும்" என்றார்.

அவரோடு நாங்கள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினோம், டிக்கெட் ஒரு ரூபாய் சொச்சம். வழியெல்லாம் ஏரி நிரம்பி, நெல் தலைசாயாமல் பச்சையாக நின்றது. ஒன்றும் என் கண்ணில் நிற்கவில்லை. மல்லிகா வாசலுக்கு வந்ததும் சரசு ஓடிப்போய்க் கன்னத்தைப் பிடித்தாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கால் வீங்கியிருக்கிறதா என்று பாதத்தைத்தான் பார்த்தேன். கொஞ்சம் வீக்கம் இருந்தது.

வெளியில் தங்கி நல்ல காபி போடுவது பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். எழுதினதைப் படித்தால் அடுப்பும் தண்ணீரும் பாலும் நான் சொன்னபடி செய்தால் சரியாக வரும் என்பது நிச்சயம். ஆற்காட்டில் என் வீட்டு அடுப்படியில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, ஃபில்டர் மட்டமான மேடையில் நிற்கிறது. அங்கே போடுகிற காபிக்கு இத்தனை யோசனை வேண்டாம்.

அன்று மதியம் அங்கேயே சாப்பிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகாவை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். ஏழுமலை கூட வந்து, பஸ் நின்றதும் எங்களுக்கு முன்னால் ஏறி, முன்பக்கம் சக்கரத்துக்கு மேலே இல்லாத சீட்டாகப் பார்த்து, உட்கார்ந்திருந்த ஒரு ஆளை எழுப்பி, தன் துண்டை நாலாக மடித்துப் போட்டு மல்லிகாவை உட்கார வைத்தார். இறங்கி, டிரைவர் பக்கம் போனார்.

"ஏழு மாசம்பா. பள்ளம் பாத்து வுடு."

"சரிங்க பெரியவரே."

"சரின்னு சொல்லுவே. அப்பறம் தூக்கித் தூக்கிப் போடுவே."

கண்டக்டரிடம் போய் அதையே சொன்னார். விசில் அடித்த பிறகும் ஜன்னல் பக்கம் ஓடிவந்து, "திருவண்ணாமலையில எறங்கும்போது மொதல்ல எறங்காதம்மா, எல்லாரும் எறங்கட்டும். போளூர் தாண்டி ரோடு மோசம். சம்பந்தி, அந்தக் கம்பியப் புடிச்சிக்கச் சொல்லுங்க. போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடுங்க. மறந்துடாதீங்க, ஒரு கார்டு" என்றார்.

பஸ் நகர்ந்தது. அவர் ரோட்டு நடுவில் நின்று, முதல் பள்ளத்தில் பஸ் எப்படி இறங்குகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்து, புருவத்தைச் சுருக்கி, நடக்காததை எல்லாம் நடந்துவிட்டது போலப் பார்க்கிற முகம். எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். சவரம் பண்ணும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.